இந்த சர்வரில் ஃபயர்வால் விதி எழுதுவது யார்?

“ஐபிடேபிள்ஸிலேயே இருந்துவிடலாமா, என்எஃப்டேபிள்ஸுக்கு மாறணுமா, இல்லை முன்னால் ஒரு பிஎஃப் பெட்டியை நிறுத்திவிடலாமா?” சிஸ்டம் அட்மின் வேலைக்குப் புதிதாக வந்த தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. பெரும்பாலும் வேகத்தை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: அந்தப் பெட்டியில் உன்னைத் தவிர வேறு யாரெல்லாம் விதி எழுதுகிறார்கள்?

டாக்கர் ஓடினால் டாக்கர் எழுதும். விர்ச்சுவல் மெஷின்களுக்கு லிப்வர்ட் வைத்திருந்தால் அது தன் பங்குக்கு எழுதும். ஃபெயில்2பேன் தவறான லாகின்களைப் பார்த்துத் தடைகளைச் சேர்க்கும். குபெர்நெட்டீஸ் என்றால் கியூப்-ப்ராக்ஸி. இவற்றோடு போன வருடம் வேலையை விட்டுப் போனவர் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் ஒன்று பூட் ஆகும்போது ஓடும். ஒரே கணக்கு நோட்டில் நாலு பேர் ஆளுக்கொரு பேனாவால் எழுதினால் மாதக் கடைசியில் இருப்பு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபயர்வாலும் அப்படித்தான் ஆகிறது. கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இந்தப் பட்டியலைப் போட்டுவிட வேண்டும். பட்டியல் கையில் இருந்தால் எந்தக் கருவி என்பது கிட்டத்தட்டத் தானாகவே முடிவாகிவிடும்.

இங்கே நான் பேசுவது சின்ன, நடுத்தர நெட்வொர்க்கைப் பற்றி. வாசலில் இரண்டு ஃபயர்வால் பெட்டிகள், உள்ளே சில வெப் சர்வர்கள், அப்ளிகேஷன் சர்வர்கள், போஸ்ட்கிரெஸ் ஓடும் ஒரு டேட்டாபேஸ், கன்டெய்னர்கள் ஓடும் ஒன்றிரண்டு இயந்திரங்கள். நம்மில் பலர் பார்த்துக்கொள்வது இந்த அளவுதான்.

லினக்ஸில் இந்தக் கருவிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 1994இல் ஆலன் காக்ஸ் பிஎஸ்டியிலிருந்து ஐபிஎஃப்டபிள்யூவைக் கொண்டுவந்தார். 1996இல் வந்த 2.0 கெர்னலுக்கு ஐபிஎஃப்டபிள்யூ-ஏடிஎம், 1999இல் 2.2வுக்கு ஐபிசெயின்ஸ், 2001 ஜனவரியில் 2.4வுக்கு ஐபிடேபிள்ஸ். கடைசி இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் ரஸ்டி ரஸ்ஸல். ஐபிடேபிள்ஸோடு வந்த பெரிய மாற்றம் இணைப்புக் கண்காணிப்பு, அதாவது கான்ட்ராக். அதற்கு முன்னால் உள்ளேயிருந்து போன ஒரு கோரிக்கைக்குப் பதில் திரும்பி வர வேண்டுமென்றால் 1024க்கு மேலுள்ள போர்ட்களைப் பொதுவாகத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. கான்ட்ராக் வந்த பிறகு ‘ஏற்கெனவே தொடங்கிய இணைப்பின் பாக்கெட்டா, விடு’ என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தது. அந்த ஒரு வரிக்காகவே ஐபிடேபிள்ஸ் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது என்பேன்.

அதன் குறைகளும் எல்லாருக்கும் பழக்கமானவையே. விதிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஆயிரம் முகவரிகளைத் தடுக்க ஆயிரம் விதி எழுதினால், ஒன்றிலும் சிக்காத பாக்கெட் ஆயிரத்தையும் கடந்துதான் போக வேண்டும். ஐபிசெட் என்ற துணைக்கருவி அதைச் சரிசெய்தது என்றாலும் அது தனிக் கருவி, தனிக் கோப்பு, பூட் ஆகும்போது தனியாக முன்னதாக ஏற்ற வேண்டிய ஒன்று. இதையெல்லாம் விட என்னை உறுத்துவது ஐபிவி6க்கு ஐபி6டேபிள்ஸ் என்று தனியாக எழுத வேண்டியிருப்பதுதான். ஐபிவி4 பக்கம் பூட்டுப் போட்டு, ஐபிவி6 பக்கம் கதவைத் திறந்தே விட்டிருக்கும் சர்வர்கள் இன்றும் நிறைய கண்ணில் படுகின்றன. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஒரே எண்ணத்தை இரண்டு இடத்தில் எழுதச் சொன்னால் நாளடைவில் ஒன்று விட்டுப்போகும்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று பலர் ஐபிடேபிள்ஸ் என்று நினைத்து ஓட்டுவது ஐபிடேபிள்ஸே இல்லை. 2019இல் வந்த டெபியன் 10இலும் ரெட் ஹேட் 8இலும் அந்தப் பெயரில் இருப்பது, பழைய கட்டளையை வாங்கிக்கொண்டு கெர்னலில் என்எஃப்டேபிள்ஸாக எழுதிவைக்கும் மாற்று வடிவம். ரெட் ஹேட் 9இல் அந்த மாற்று வடிவத்தையும் ‘கைவிடப்போகிறோம்’ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் சர்வரில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஐபிடேபிள்ஸ் கட்டளையிடம் அதன் பதிப்பைக் கேளுங்கள். பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்எஃப்_டேபிள்ஸ் என்றோ லெகசி என்றோ வரும். டெபியனில் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்க முடியும். ஒரு நிரல் லெகசி வழியாகவும் இன்னொன்று புது வழியாகவும் எழுதினால், இரண்டு தொகுப்புமே கெர்னலில் உயிரோடு இருக்கும். நீங்கள் ஒன்றைப் பட்டியலிட்டுப் பார்த்து ‘இந்த போர்ட்டைத் திறந்துதானே வைத்திருக்கிறேன்’ என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள்; தடை மற்றதில் இருக்கும்.

சரி, என்எஃப்டேபிள்ஸுக்கு வருகிறேன். பாட்ரிக் மெக்ஹார்டி தொடங்கி, பாப்லோ நெய்ரா அயூசோ கையில் வளர்ந்து, 2014 ஜனவரியில் 3.13 கெர்னலில் சேர்ந்தது. புதிதாக எழுதும் எந்த லினக்ஸ் சர்வருக்கும் என் பரிந்துரை இதுதான். அதற்குக் காரணம் வேகம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கோப்பைத் திறந்தால் அதில் எல்லாம் இருக்கிறது, படித்தால் புரிகிறது. ஐநெட் என்ற குடும்பத்தில் டேபிள் போட்டால் ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் ஒரே விதி போதும்.

டேட்டாபேஸ் சர்வரை எடுத்துக்கொள்வோம். ‘ஆப் சர்வர்கள்’ என்று ஒரு செட் அறிவிக்கிறேன், அதற்குள் 10.20.1.11, 10.20.1.12, 10.20.1.13. உள்வரும் செயினுக்குப் பாலிசி ட்ராப். முதல் விதி, ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகளை விடு. இரண்டாவது, லூப்பேக்கை விடு. மூன்றாவது, ஐசிஎம்பியில் தேவையானவற்றை விடு. நான்காவது, அனுப்புபவர் ‘ஆப் சர்வர்கள்’ செட்டில் இருந்து, போர்ட் 5432 என்றால் விடு. ஐந்தாவது, நிர்வாக நெட்வொர்க்கிலிருந்து போர்ட் 22. அவ்வளவுதான், கோப்பு ஒரு திரைக்குள் அடங்கிவிடும். நாளை நான்காவது ஆப் சர்வர் வந்தால் செட்டில் ஒரு முகவரி சேரும். விதிகளைத் தொட வேண்டியதே இல்லை.

மூன்றாவது விதியைப் பற்றிக் கொஞ்சம். ‘பாதுகாப்புக்காக’ ஐசிஎம்பியை முழுக்க அடைத்துவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஐபிவி6இல் அண்டைக் கண்டறிதலே ஐசிஎம்பிவி6 மேல்தான் நடக்கிறது. அதை அடைத்தால் பக்கத்து இயந்திரத்தின் முகவரிகூடக் கிடைக்காது. ஐபிவி4இலும், பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று வழியிலுள்ள ரவுட்டர் அனுப்பும் செய்தி வந்து சேராவிட்டால், சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய டவுன்லோட் மட்டும் பாதியில் உறையும். அந்த மாதிரிப் புகார் வந்தால் அப்ளிகேஷன் ஆட்களை விரட்டுவதற்கு முன் ஃபயர்வாலில் ஐசிஎம்பியைப் பாருங்கள்.

என்எஃப்டேபிள்ஸில் கோப்பை ஏற்றுவது ஒரே பரிவர்த்தனை. நூறு வரிகளில் ஒன்று தவறாக இருந்தாலும் எதுவும் ஏறாது, பழையது அப்படியே இருக்கும். ஐபிடேபிள்ஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட் நடுவில் தடுக்கி விழுந்தால் சர்வர் பாதி விதிகளோடு நிற்கும். கோப்பாக ஏற்றும் வழி ஐபிடேபிள்ஸிலும் உண்டு. ஆனால் எங்கே போனாலும் ஷெல் ஸ்கிரிப்டைத்தான் பார்க்கிறேன்.

இனி கவனிக்க வேண்டிய இடம். ஐபிடேபிள்ஸில் பழகியவர்கள் ‘அக்செப்ட்’ என்றால் கதை முடிந்தது என்று நினைப்பார்கள். என்எஃப்டேபிள்ஸில் ஒரே ஹூக்கில் பல டேபிள்களின் செயின்கள் தொங்கலாம். உங்கள் செயின் ஒரு பாக்கெட்டை அக்செப்ட் செய்தாலும், அதே ஹூக்கில் அடுத்துள்ள செயின் அதை மறுபடி பார்க்கும். அது ட்ராப் செய்தால் பாக்கெட் போயிற்று. ட்ராப் மட்டும்தான் அந்த இடத்திலேயே இறுதி. ஆக, பாக்கெட் போய்ச்சேர எல்லாரும் சம்மதிக்க வேண்டும், விழ ஒருவர் போதும். பெட்டியில் யாரெல்லாம் எழுதுகிறார்கள் என்று நான் முதலில் கேட்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது கண்ணி, டெபியன் தரும் மாதிரிக் கோப்பின் முதல் கட்டளை. ‘ரூல்செட் முழுவதையும் துடை’ என்று தொடங்கும். நீங்கள் மட்டும் எழுதும் பெட்டியில் அது சரி. டாக்கர் ஓடும் பெட்டியில் அதை மறுபடி ஏற்றினால் டாக்கர் எழுதிய நாட் விதிகளும் சேர்ந்து போய்விடும். கன்டெய்னர்கள் ஓடிக்கொண்டிருக்கும், அவற்றின் நெட்வொர்க் மட்டும் உடைந்திருக்கும். அதற்குப் பதிலாக, உங்கள் டேபிளை மட்டும் ஒருமுறை வெறுமனே அறிவித்து, அடுத்த வரியில் அதை நீக்கி, பிறகு முழுமையாக எழுதுங்கள். அறிவித்துவிட்டு நீக்குவது எதற்கென்றால், இல்லாத டேபிளை நீக்கச் சொன்னால் பிழை வந்து பரிவர்த்தனை முழுவதும் நின்றுவிடும். மூன்றும் ஒரே கோப்பில் இருப்பதால் இடையில் ஒரு நொடிகூட ஃபயர்வால் இல்லாமல் இருக்காது.

டாக்கரைத் தொட்டாகிவிட்டது, அதை முழுசாகவே பேசிவிடுவோம். நான் போய்ப் பார்த்த ஓர் அலுவலகத்தில் உபுண்டு சர்வரில் யூஎஃப்டபிள்யூ போட்டிருந்தார்கள். நிலையைக் கேட்டால் 5432 மறுக்கப்பட்டது என்று தெளிவாகக் காட்டுகிறது. இணையத்திலிருந்து போஸ்ட்கிரெஸ் லாகின் முயற்சிகள் லாகில் கொட்டிக்கொண்டிருக்கின்றன. “சார், ப்ளாக் பண்ணியிருக்கோமே” என்று அந்தத் தம்பி திரையைக் காட்டிக் கேட்டது நியாயமான கேள்வி. யூஎஃப்டபிள்யூ பொய் சொல்லவில்லை. போஸ்ட்கிரெஸ் ஒரு கன்டெய்னரில், போர்ட் வெளியிடப்பட்டு ஓடியது. பாக்கெட் வந்ததும் ப்ரீரவுட்டிங்கில் டாக்கரின் நாட் விதி அதன் போகுமிடத்தைக் கன்டெய்னரின் முகவரியாக மாற்றிவிடுகிறது. இனி அது இந்த சர்வருக்கு வந்த பாக்கெட் இல்லை. இதன் வழியாக இன்னோர் இடத்துக்குப் போகும் பாக்கெட். எனவே இன்புட் செயினுக்கே வராது, ஃபார்வர்ட் வழியாகப் போகும். யூஎஃப்டபிள்யூவின் மறுப்பு இன்புட்டில் காத்துக்கொண்டிருந்தது.

இதற்கு நான் முதலில் சொல்லும் தீர்வு, வெளியே தெரிய வேண்டாத போர்ட்டை வெளியிடவே வேண்டாம். ஒரே சர்வரில் உள்ள நிரல்தான் பேசப்போகிறது என்றால் 127.0.0.1இல் மட்டும் கட்டுங்கள். அதிலும் ஒரு விஷயம்: டாக்கர் 28க்கு முந்தைய பதிப்புகளில், ஒரே எல்2 நெட்வொர்க்கில் இருக்கும் இன்னோர் இயந்திரம் இப்படிக் கட்டிய போர்ட்டைத் தொட வழி இருந்தது. பழைய டாக்கர் என்றால் மேம்படுத்துங்கள். சில முகவரிகளுக்கு மட்டும் திறக்க வேண்டும் என்றால் டாக்கர்-யூசர் என்று நமக்காகவே விட்டுவைத்திருக்கும் செயினில் எழுத வேண்டும். அங்கே வரும்போது நாட் முடிந்திருக்கும், ஆகவே நீங்கள் பார்ப்பது கன்டெய்னரின் போர்ட் எண். வெளியே 8080, உள்ளே 80 என்றால், 8080 என்று எழுதிய விதி ஒருநாளும் பொருந்தாது. வெளியே கேட்கப்பட்ட எண்ணை வைத்துத்தான் தடுக்க வேண்டும் என்றால் கான்ட்ராக் குறித்துவைத்திருக்கும் அசல் போகுமிட போர்ட்டைப் பொருத்தும் வசதி இருக்கிறது.

யூஎஃப்டபிள்யூ, ஃபயர்வால்டி இரண்டையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே ஒரு வெப் சர்வர், 22, 80, 443 என்றால் யூஎஃப்டபிள்யூ தாராளமாகப் போதும். ரெட் ஹேட் குடும்பத்தில் ஃபயர்வால்டியின் ஸோன்கள், பல நெட்வொர்க் கார்டுகள் உள்ள இயந்திரத்துக்கு நன்றாகவே பொருந்துகின்றன. ஃபயர்வால்டியைத் தேர்ந்தெடுத்தால் அதோடு மட்டும் இருங்கள். பக்கத்திலேயே கையால் என்எஃப்டேபிள்ஸ் கோப்பும் எழுதாதீர்கள்.

குபெர்நெட்டீஸ் கணுக்களில் கையால் எழுதுவதையே விட்டுவிடலாம். கியூப்-ப்ராக்ஸியின் ஐபிடேபிள்ஸ் முறையில் சர்வீஸ்கள் பெருகப் பெருக விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகும்; அதன் என்எஃப்டேபிள்ஸ் முறை 2025இல் 1.33 பதிப்பில் நிலையானதாக அறிவிக்கப்பட்டது. அங்கே நமக்குள்ள இடம் நெட்வொர்க் பாலிசி. ஈபிபிஎஃப், எக்ஸ்டிபி பற்றியும் கேட்கிறார்கள். நெட்வொர்க் கார்டின் டிரைவர் மட்டத்திலேயே பாக்கெட்டைத் தூக்கியெறியும் எக்ஸ்டிபி, வெள்ளமாக வரும் தாக்குதல்களை வாங்கும் இடங்களுக்கானது. நான் பேசும் நெட்வொர்க்குக்கு அது தேவைப்படுவதில்லை.

இப்போது வாசல். இங்கேதான் எனக்குப் பிஎஃப் மேல் தனிப் பிரியம்.

2001 மே மாதம் வரை ஓபன்பிஎஸ்டியில் இருந்தது டேரன் ரீட் எழுதிய ஐபிஃபில்டர். அதன் உரிமத்தில் மாற்றியமைக்கும் சுதந்திரம் இல்லை என்ற சச்சரவு எழுந்து, அதை அப்படியே நீக்கிவிட்டார்கள். ஃபயர்வாலே இல்லாமல் நின்ற இயங்குதளத்துக்கு டேனியல் ஹார்ட்மையர் என்பவர் சில வாரங்களில் புதிதாக ஒன்றை எழுதிக் கொடுத்தார். அந்த வருட டிசம்பரில் வந்த ஓபன்பிஎஸ்டி 3.0இல் பிஎஃப் இருந்தது. பிறகு ஃப்ரீபிஎஸ்டிக்குப் போனது, மேக்ஓஎஸ் வரை போனது, பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் அதன் மேலேயே நிற்கின்றன.

பிஎஃப் விதிகளைப் படித்தால் வாக்கியம் மாதிரி இருக்கும்: உள்ளே வருவதை, இந்தக் கார்டில், இந்த முகவரிக்கு, இந்த போர்ட்டுக்கு விடு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பப்பட்டவர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய விதிதான் வாசலுக்கு வேண்டும். அந்த விஷயத்தில் இன்னும் பிஎஃப்பை மிஞ்ச ஆளில்லை. லினக்ஸ்காரர்களுக்குப் பழக வேண்டியது ஒன்று: இங்கே கடைசியாகப் பொருந்தும் விதியே செல்லும். முதலில் பொருந்தியதும் நிற்க வேண்டுமானால் ‘க்விக்’ என்று சேர்க்க வேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால் பாக்கெட்டை விட்டுவிடும் என்பதால், முதல் வரியிலேயே எல்லாவற்றையும் தடு என்று எழுதிவிட்டுத்தான் மற்றது. எஸ்எஸ்ஹெச்சில் ஒரே முகவரியிலிருந்து அளவுக்கு மீறி இணைப்பு வந்தால், அந்த முகவரியைத் தானாக ஒரு டேபிளில் தள்ளி, அதன் மற்ற இணைப்புகளையும் வெட்டிவிடும் வசதி பிஎஃப்பிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு நிரல் வந்து விதி எழுத வேண்டியதில்லை. அப்படி யாராவது எழுதத்தான் வேண்டும் என்றாலும், ஆங்கர் என்று ஒரு எல்லை போட்டு அதற்குள் மட்டும் எழுத விடலாம்.

வாசலில் இரண்டு பெட்டிகள் என்றேனே, அதற்குக் கார்ப், பிஎஃப்சிங்க் இரண்டும் இருக்கின்றன. விஆர்ஆர்பி நெறிமுறை மேல் சிஸ்கோ காப்புரிமை கோரியதால் ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் தாங்களே எழுதிக்கொண்டது கார்ப்; 2004இல் 3.5 பதிப்போடு வந்தது. இரண்டு பெட்டிகளும் ஒரு முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. பிஎஃப்சிங்க் ஒன்றின் நிலைப் பட்டியலை மற்றதற்கு உடனுக்குடன் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்றை நிறுத்தி, பேட்ச் போட்டு, ரீபூட் செய்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் டவுன்லோட்கூட அறுவதில்லை. பட்டப்பகலில் வாசல் ஃபயர்வாலை மேம்படுத்த முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த வேலையை நள்ளிரவில் செய்தவர்களுக்குத் தெரியும். லினக்ஸில் இதையே கீப்அலைவ்டியும் கான்ட்ராக்டியும் சேர்த்துச் செய்யலாம், நடக்கும். ஆனால் பாகங்கள் அதிகம்.

ஓபன்பிஎஸ்டியா ஃப்ரீபிஎஸ்டியா? 2010இல் ஓபன்பிஎஸ்டி 4.7இல் நாட் எழுதும் முறையையே மாற்றிவிட்டார்கள், ஃப்ரீபிஎஸ்டி பழைய வடிவத்திலேயே நெடுநாள் தங்கிவிட்டது. ஒன்றுக்காக எழுதியதை மற்றதில் அப்படியே ஒட்ட முடியாது. பல கோர்களைப் பயன்படுத்துவதில் ஃப்ரீபிஎஸ்டி முந்திக்கொண்டது. 2014இல் வந்த 10.0இலேயே அதற்கான பெரிய வேலை முடிந்துவிட்டது. 10 கிகாபிட் கம்பியை நிரப்ப வேண்டும் என்றால் ஃப்ரீபிஎஸ்டி. ஒரு கிகாபிட் வாசல், படிக்க எளிதான கையேடு, ஆறு மாதத்துக்கொரு பதிப்பு என்ற ஒழுங்கு போதுமென்றால் ஓபன்பிஎஸ்டி. குழுவில் திரையைத் தொட்டுக் கிளிக் செய்பவர்களே அதிகம் என்றால் ஓபிஎன்சென்ஸ் போடுவதில் எந்தக் குறையும் இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நிலைப் பட்டியல் நிரம்புவதைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். லினக்ஸில் தொடங்கிவிட்ட ஒரு டிசிபி இணைப்பு, பேச்சே இல்லாமல் கிடந்தாலும் இயல்பாக 4,32,000 நொடிகள், அதாவது ஐந்து நாள் பட்டியலில் இருக்கும். பிஎஃப்பில் 24 மணி நேரம். போக்குவரத்து மிகுந்த சர்வரில் பட்டியல் நிரம்பி, கெர்னல் லாகில் ‘கான்ட்ராக் டேபிள் நிரம்பிவிட்டது, பாக்கெட்டைத் தள்ளுகிறேன்’ என்ற வரி வரும். சிபியு சும்மா இருக்கும், மெமரி சும்மா இருக்கும், சைட் மட்டும் சிலருக்குத் திறக்கும் சிலருக்குத் திறக்காது. உச்சவரம்பை ஏற்றுவது முதல் வேலை. டிஎன்எஸ் சர்வராக இருந்தால் போர்ட் 53க்கு யுடிபியைக் கண்காணிக்கவே வேண்டாம் என்று விதியிலேயே விலக்கிவிடுவது அதைவிட நல்லது. ஒரு கேள்வி, ஒரு பதிலோடு முடியும் பேச்சுக்கு நிலைக் குறிப்பு எதற்கு?

பழைய ஐபிடேபிள்ஸ் பெட்டியை மாற்றப்போகிறவர்களுக்கு. சேமித்து வைத்த கோப்பை அப்படியே என்எஃப்டேபிள்ஸ் வடிவத்துக்கு மாற்றித் தரும் மொழிபெயர்ப்புக் கருவி கூடவே வருகிறது. அது தருவதை அப்படியே ஏற்றினால் பத்து வருடக் குப்பையும் புது வீட்டுக்கு வந்துவிடும். நான் அதைப் பட்டியலாக மட்டும் வைத்துக்கொள்வேன். ஐபிடேபிள்ஸில் ஒவ்வொரு விதிக்கும் கவுன்டர் இருக்கிறதே. மாதச் சம்பளம், காலாண்டுக் கணக்கு மாதிரி எப்போதாவது ஓடும் வேலைகளும் ஒரு சுற்று வந்துபோகும்வரை விட்டுவிட்டு, பிறகும் பூஜ்யத்தில் நிற்கும் விதிகளைப் பற்றி அந்தந்த அப்ளிகேஷன்காரர்களிடம் கேட்பேன். “இது எதுக்கு வச்சதுன்னே தெரியலை சார்” என்று வரும் விதிகள் புதுக் கோப்பில் ஏறாது.

ஏற்றும்போது, ஐந்து நிமிடத்தில் பழைய விதிகளைத் திரும்பப் போடும் ஒரு வேலையை முதலில் டைமரில் வைத்துவிட்டுப் புதிய கோப்பை ஏற்றுவேன். இருக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறாமல் இருப்பதை நம்ப மாட்டேன், அது ஏற்கெனவே தொடங்கிய இணைப்பு என்ற விதியில் தப்பிக்கும். இன்னொரு டெர்மினலில் புதிதாக லாகின் செய்து பார்த்த பிறகே டைமரை ரத்து செய்வேன். அதன்பின் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள ஒரு இயந்திரத்திலிருந்து என்மேப், ஐபிவி4 ஒருமுறை, ஐபிவி6 ஒருமுறை. முடிவைச் சேமித்துவிட்டு சர்வரை ரீபூட் செய்து, டாக்கரும் மற்றவையும் எழுந்து தங்கள் விதிகளை எழுதி முடித்தபின் அதே ஸ்கேனை மறுபடி ஓட்டுவேன். இரண்டு பட்டியலிலும் வித்தியாசம் இருந்தால், நான் கணக்கில் எடுக்காத யாரோ ஒருவர் அந்தப் பெட்டியில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். அவரைக் கண்டுபிடித்த பிறகே பழைய ஸ்கிரிப்டை அழிப்பேன்.